நான்கு மணி நேரமும் முழுக் கூலியும்: புதுக்கோட்டைக் கண்மாய்ப் பணித்தளங்களை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

மாற்றுத்திறனாளிகளைப் பணியமர்த்துவதன் நன்மை குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் தொழிற்சாலையையும் அலுவலகத்தையுமே களமாகக் கொண்டு, குறைந்த விடுப்பு, வேலையை விட்டு விலகாமை போன்ற தனிமனிதப் பண்புகளிலேயே அந்நன்மையைத் தேடியுள்ளன. அதே அளவுகோலோடு நூறு நாள் வேலையை அணுகிய ஆய்வுப் போக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு நான்கு மணி நேர வேலைக்கு முழுக் கூலி என்ற தமிழக அரசின் 2012ஆம் ஆண்டு அரசாணையை (எண் 52), உழைப்போடு தொடர்பற்ற உதவித்தொகையாகவே வாசித்தது. கூலி கணக்கிடப்பட்ட முறையோடு சேர்த்துப் பார்க்கும்போது இவ்வாசிப்பு நிற்பதாகத் தெரியவில்லை.

கண்மாய், ஊருணி தூர்வாருதலும் வரத்துவாரி, அதாவது நீர்நிலைக்கு மழைநீர் கொணரும் கால்வாய், வெட்டுதலும் முக்கிய இடம் பெற்ற புதுக்கோட்டை மாவட்டத்துப் பணித்தளங்களில், வெட்டிய குழியைக் கன மீட்டரில் அளந்து, விலைப்பட்டியல்படி மதிப்பிட்டு, குழுவினருக்குக் கூலி பகிரப்படுவது முறையாக இருந்தது. இம்முறையில் மண் சுமக்க இயலாத ஒருவரைச் சேர்த்துக்கொள்வது மற்ற அனைவரின் கூலியையும் குறைக்குமாதலால், குழு அவரை ஒதுக்குவதற்கான காரணம் மனிதர்களின் கல்நெஞ்சில் அன்று, அளவிலேயே இருந்தது. சித்திரை வெயிலில் கண்மாய் உட்பகுதியிலிருந்து கரையேறிக் குடிநீர் எடுத்துவரச் செல்லும் பெண்ணும், மரத்தடியில் அழும் குழந்தையைப் பார்க்க மண்வெட்டியை வைத்துவிட்டுச் செல்லும் தாயும் இதே அளவுக்குள் சிக்கியவர்களே. பணித்தளத்தில் குடிநீரும் நிழலும் முதலுதவியும் வேண்டும் என்பதையும், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைகள் இருப்பின் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரைக் கூலியோடு அமர்த்த வேண்டும் என்பதையும் நூறு நாள் வேலைக்கு அடிப்படையான 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை விதித்தது. எனவே குடிநீர் வழங்கல், குழந்தை பராமரிப்பு முதலியவற்றை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணிகளாக மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் பட்டியலிட்டபோது, இரக்கத்தால் புதிதாக எந்த வேலையும் உருவாக்கப்படவில்லை. சட்டப்படி முன்பே இருந்தாக வேண்டிய, ஆனால் எவருடைய குழிக் கணக்கிலும் ஏறாத வேலைக்கு ஆள் அமர்த்தப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனி விலைப்பட்டியல் வகுப்பதை, பயன்தரும் வேலையில் அவர்களின் பங்கேற்பை உயர்த்தும் வழியாகவே அச்சட்டத்தின் முதல் அட்டவணை குறிப்பிட்டது என்பதும் இதற்கு அரண் செய்கிறது. மண் வெட்டும் குழு தன் நேரத்தை இழக்காமல் இருப்பதே இங்கு நன்மை. அது மாற்றுத்திறனாளியின் தனிக் கணக்கில் தேடினால் கிடைக்காது.

வேலையின் ஏற்பாட்டை மாற்றி ஆட்களைச் சேர்ப்பது இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. 1990களின் தொடக்கத்தில், அறிவொளி எனும் எழுத்தறிவு இயக்கக் காலத்தில், கல் குவாரிக் குத்தகை பெண் தொழிலாளர் குழுக்களுக்கு வழங்கப்பட்டபோது மாறியது அவர்களின் உடல்வலிமை அன்று, வேலையின் ஏற்பாடே.

நான்கு மணி நேரம் நாள் முழுவதற்கும் போதாது என்ற மறுப்புக்கு, காலையில் ஒருவரும் பிற்பகலில் ஒருவரும் என இருவரை அமர்த்தலாம் என்பதே போதிய விடை. போலிச் சான்றிதழ் பற்றிய அச்சம் மருத்துவக் குழு தீர்க்க வேண்டியது. ஆணையின் தகுதியை அது தொடுவதில்லை. தண்ணீர்க் குடமும் குழந்தையும் மட்டுமே மாற்றுத்திறனாளிக்கு உரியவை என்ற முத்திரை விழும் என்பது மட்டுமே கனமான மறுப்பு. செவித்திறன் குறைந்த ஒருவர் எவருக்கும் இணையாகக் குழி வெட்டக்கூடியவர். பார்வையுள்ள, ஆனால் நடக்க இயலாத ஒருவர் வருகைப் பதிவேட்டைப் பேணும் பணித்தளப் பொறுப்பாளராகத் திகழக்கூடியவர். ஏற்ற பணிகளின் பட்டியலை எல்லையாகக் கொள்வது, வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவோடு பொருந்தாது என்றே கருத வேண்டும்.

அதே சட்டத்தின் 35ஆம் பிரிவு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடையோர் தனியார் பணியாளர்களில் குறைந்தது 5 விழுக்காடாக அமைய, தன் பொருளாதார வரம்புக்குட்பட்டு அரசு ஊக்கச் சலுகை அளிக்கக் கூறுகிறது. இதே மாவட்டத்தின் விராலிமலை வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு அச்சலுகை வகுக்கப்படுமாயின், தலைகளை எண்ணி வழங்குவதைவிட, எட்டு மணி நேர ஷிப்டு ஒன்றை நான்கு மணி நேரப் பணிகள் இரண்டாகப் பிரித்துத் தரும் நிறுவனத்துக்கு முதலில் வழங்குவதே கண்மாய்ப் பணித்தளம் காட்டும் வழிக்கு ஏற்றதாகும்.