தரங்கம்பாடி: தமிழ்க் கரையில் ஒரு டேனிய நகரம்

பெங்களூரில் வாழும் நம்மவர் பலர் பெற்றோரின் மணிவிழாவை முன்னிட்டுத் திருக்கடையூர் சென்று வருகிறோம். அபிராமியன்னையை வணங்கி, அன்று மாலையே ஊர் திரும்பிவிடுகிறோம். அங்கிருந்து சில கல் தொலைவிலேயே, கடலோரத்தில், தரங்கம்பாடி என்னும் சிற்றூர் இருப்பதை நினைப்பாரில்லை.

தரங்கம்பாடியென்றால் டேனியர் கோட்டை என்பதே பொது வழக்கு. ஆனால் கோட்டைக்கு மூத்தது கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டளவில் எழுந்தது மாசிலாமணிநாதர் திருக்கோயில். சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம் என்று அதன் கல்வெட்டு ஊரைக் குறிக்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், 1620இல், தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை பெற்று ஓவெ கெட்டெ என்ற டேனிய தளபதி டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னேட்டில் விடுத்த தமிழ் மடல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் உள்ளது.

டேனியர் தமக்கெனச் சீயோன் ஆலயத்தை 1701இல் அமைத்தனர். தமிழர்க்குச் சமயம் சொல்ல அவர்கள் சார்பில் வந்தவர்களோ டேனியர் அல்லர், செருமானியர். மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்ப, 1706 சூலை 9ஆம் நாள் சீகன்பால்குவும் புளூட்சோவும் இங்கு வந்திறங்கினர். அரசர் அனுப்பிய அவர்களை ஊரின் டேனிய ஆளுநரே பகைத்தார். சீகன்பால்கு நான்கு திங்கள் சிறையிலிருந்தார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர் அவர். ஆலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. 1715க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தது. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. மறு ஆண்டே, 36 வயதில் காலமாகி, அவ்வாலயத்திலேயே அடக்கமானார்.

நம்மைப் பெரிதும் ஈர்ப்பது வேறொரு செய்தி. நம் மாணாக்கர் ஞாயிறு வகுப்பில் ஒப்பிக்கும் கொன்றை வேந்தனை, நீதிவெண்பா, உலகநீதி ஆகியவற்றோடு அவர் 1708இலேயே செருமன் மொழியில் பெயர்த்தார். தாம் திரட்டிய ஓலைச்சுவடிகளுக்குப் பட்டியலும் எழுதினார். 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றித் தனி நூலொன்று இயற்றி ஆலேக்கு அனுப்பினார். பிற சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா எனக் கருதிய ஆலேப் பெரியோர் அச்சிட மறுத்தனர். அந்நூல் 1867இல் சென்னையில்தான் வெளிவந்தது! அவர் நம் முன்னோரின் வழிபாட்டைப் பிழையென்றே எண்ணினார்; அதை மறைத்தல் வரலாறாகாது. எனினும், மறுக்க வந்ததை முதலில் கற்க வேண்டும் என்ற நேர்மை அவரிடம் இருந்தது. இரு தரப்பிலும் அது அன்றும் அரிது, இன்றும் அரிது.

1845இல் டேனியர் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் 12½ இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்று நீங்கினர். மயிலாடுதுறையிலிருந்து 1926இல் வந்த இரயில் பாதையும் 1986இல் மூடப்பட்டது. ஆட்சிகள் போயின, கடல் மட்டும் ஓயவில்லை. மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியை அலைகள் அரித்துக் கொண்டன. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை ஊருக்குள்ளேயே புகுந்து உயிர்களைக் கொண்டு சென்றது. கோயில் பின்னர் புதுப்பிக்கப்பட்டுள்ளது.

அடுத்த முறை திருக்கடையூர் செல்வோர் அரை நாளை இதற்கென ஒதுக்குக. புதிய எருசலேம் ஆலயத்தில் அக்கல்லறையைக் கண்டு, கோட்டையைக் கடந்து நடந்தால், கரையிலேயே மாசிலாமணிநாதர் கோயில். குழந்தைகளின் கையை மட்டும் விடாதீர். அலை மிக அருகில்.