ஒரே பாயில்

ரமளான் மாதத்து இரவுகளில் மதீனத்துப் பள்ளிவாசலிலிருந்து இரண்டு பாங்குகள் ஒலித்தன. முதல் பாங்கைப் பிலால் (ரலி) அவர்கள் இரவு எஞ்சியிருக்கும்போதே சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்டு எவரும் உண்பதை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டாவது பாங்கே வைகறையின் வரவை அறிவிப்பது. அது காதில் விழுந்ததும் ஸஹர் உணவை முடித்துக்கொள்ள வேண்டும். ஊர் முழுவதும் செவிசாய்த்துக் காத்திருந்த அந்த இரண்டாவது பாங்கைச் சொன்னவர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். அன்னார் பார்வையற்றவர்கள்.

கீழ்வானில் வெள்ளை படர்வதைக் காண இயலாத ஒருவரிடம் விடியலை அறிவிக்கும் பொறுப்பு! இச்செய்தியை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். நின்று சிந்தித்ததுதான் இல்லை. வேலை தடையின்றி நடந்தால் போதும் என்று கருதுவோர் இப்பணியைக் கண்ணுள்ள ஒருவரிடமே ஒப்படைத்திருப்பர். அண்ணலார் (ஸல்) அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. காரியம் எப்படி நடந்தது என்பதை ஸஹீஹ் புகாரி கூறுகிறது. விடிந்துவிட்டது என்று மக்கள் சொன்ன பின்னரே அன்னார் பாங்கு சொல்வார்களாம். கண்ணுடையோர் அவருக்குச் சொன்னார்கள்; அவர் ஊருக்குச் சொன்னார். ஒருவருக்கொருவர் துணையாக நின்று செய்த வேலை அது. அதில் இரக்கத்திற்கு இடமே எழவில்லை.

‘அபஸ’ என்னும் 80ஆம் அத்தியாயம் இவரை முன்னிட்டு இறங்கியதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள். அதை இங்கே விரிக்கவில்லை. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு செய்தி உண்டு. நாயகத்தின் ஹிஜ்ரத்துக்கு முன்பே மதீனாவுக்குச் சென்று அங்குள்ளோருக்குத் திருமறை ஓதக் கற்றுக்கொடுத்த முதல் இருவருள், முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களுடன் இவரும் ஒருவர் என்று பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அறிவிக்கிறார்கள். அந்நகரின் முதல் ஆசிரியர்களில் ஒருவர் பார்வையற்றவர் என்பது சிறிய செய்தியா?

பள்ளிவாசலுக்கு அழைத்துவர ஆளில்லை, வீட்டிலேயே தொழுதுகொள்ளலாமா என்று பார்வையற்ற ஒருவர் நாயகத்திடம் கேட்ட நிகழ்ச்சியும் பதிவாகியுள்ளது. அவர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களே என்பது அபூதாவூதின் அறிவிப்பு. முஸ்லிமின் அறிவிப்பில், முதலில் அனுமதி அளித்த நாயகம் (ஸல்) அவர்கள், கேட்டவர் திரும்பிச் செல்கையில் மீண்டும் அழைத்து, பாங்கு உமக்குக் கேட்கிறதா என்று வினவுகிறார்கள். கேட்கிறது என்றதும், அப்படியானால் வந்துவிடும் என்கிறார்கள். ஜமாஅத்தின் சட்டத்திற்கு ஆதாரமாக இதனை உலமாக்கள் ஆராய்ந்துள்ளனர். அது அவர்கள் துறை. நமக்கு இதில் வேறொன்றும் புலனாகிறது. வீட்டில் இருந்துகொள்ளும் என்பது கேட்பதற்கு இனிய சலுகைதான். ஆனால் அச்சலுகையே அவரை வரிசையிலிருந்து நீக்கிவிடும். வரிசையில் அவருக்குரிய இடம் காலியாக விடப்படலாகாது என்று கருதப்பட்டது.

இவ்வழக்கம் பின்வந்த நூற்றாண்டுகளிலும் தொடர்ந்தது. அதற்கு ஒரு காரணம் கல்வி புகட்டப்பட்ட முறை. உஸ்தாது தூணில் சாய்ந்து அமர்வார். மாணவர்கள் பாயில் வட்டமாக உட்காருவார்கள். பாடம் வாயிலிருந்து செவிக்குச் செல்லும். மனனமே மாணவனின் முதற் செல்வம். அத்தகைய வட்டத்தில் கண்ணில்லாதவன் இழந்தது குறைவு. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸலாஹுத்தீன் ஸஃபதீ, பெயர்பெற்ற பார்வையற்றோரின் வரலாறுகளை மட்டுமே திரட்டி ‘நக்துல் ஹிம்யான்’ என்றொரு நூல் எழுதினார். அதில் ஏறத்தாழ 300 பேர் இடம்பெறுகின்றனர். அறிஞர்கள், கவிஞர்கள், நீதிபதிகள் எனப் பலரும் அதில் உள்ளனர்.

அவர்களுள் பக்தாதைச் சேர்ந்த ஸைனுத்தீன் ஆமிதீ ஒருவர். மார்க்க அறிஞராகிய இவர் நூல் வாணிபமும் செய்தார். ஒவ்வொரு நூலின் விலையையும் மறவாதிருக்க ஒரு வழி கண்டார். மெல்லிய தாள் துண்டை நூல்போல் முறுக்கி, விலையைக் குறிக்கும் எழுத்தின் வடிவில் வளைத்து, அட்டையின் உட்புறம் ஒட்டிவைப்பார். அதன்மேல் இன்னொரு தாளை ஒட்டிவிடுவார். விரலால் தடவினால் விலை தெரிந்துவிடும். இவர் மறைந்தது 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். தடவிப் படிக்கும் எழுத்துக்கு ஐரோப்பா வழிகண்டது 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே. அதனால் பிரெயில் எழுத்தை நாமே முதலில் கண்டோம் என்று மார்தட்டுவோரும் இருக்கிறார்கள். அது மிகை. ஆமிதீ தம் கடைக்கு ஒரு வழி கண்டார். அதை ஊர்ப் பிள்ளைகளுக்குரிய எழுத்தாக எவரும் வளர்க்கவில்லை. இது பெருமையா குறையா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

கெய்ரோவின் அல்அஸ்ஹரில் பார்வையற்றோருக்கென ‘ஸாவியத்துல் உம்யான்’ என்ற தனிக்கூடம் 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. உத்மான் கத்குதா என்ற செல்வர் அதனைக் கட்டினார். 1836இல் வெளியான தம் நூலில் எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர், அங்கு ஏறக்குறைய 300 பார்வையற்றோர் இருந்ததாகவும், அவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள் என்றும் எழுதுகிறார். வக்ஃபு வருவாயிலிருந்து அவர்களுக்கு உணவு கிடைத்தது. 300 பேருக்குச் சோறும் கல்வியும் அளித்த அமைப்பை எளிதாகக் கருதிவிட முடியாது.

எனினும் ஒன்றை மறைப்பதற்கில்லை. காலப்போக்கில் பார்வையற்ற சிறுவனுக்கென ஒரே பாதை வகுக்கப்பட்டுவிட்டது: திருமறையை மனனம் செய்வது, பிறகு சாவு வீடுகளிலும் கப்ருஸ்தான்களிலும் ஓதிக் கூலி பெறுவது. ஓதுவது உயர்ந்த பணி, ஐயமில்லை. ஆனால் கண்ணுள்ள பிள்ளைக்குப் பத்துப் பாதைகளைத் திறந்து வைத்துவிட்டு, இவனுக்கு மட்டும் ஒன்றைக் காட்டியது என்ன நியாயம்? பார்வையற்ற பெண்பிள்ளைக்கோ அந்த ஒன்றும் அரிதாகவே திறந்தது. அச்சுநூலும் அரசுப் பாடசாலையும் எழுத்துத் தேர்வும் வந்தபோது, வாய்மொழி வட்டம் அளித்து வந்த பாதுகாப்பும் தளர்ந்தது.

ஐரோப்பாவில் நிலைமை வேறுவகையில் வளர்ந்தது. பாரிஸில் வாலண்டீன் ஆவி 1785இல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியில் 1819இல் சேர்ந்தவர் லூயி பிரெயில். மூன்று வயதில் தந்தையின் தோற்பட்டறையில் கண்ணை இழந்தவர் அவர். ஆறு புள்ளிகளைக் கொண்டு அவர் அமைத்த எழுத்துமுறை 1829இல் நூலாக வெளிவந்தது. கண்ணுள்ளோரால் படிக்க முடியாத எழுத்து பார்வையற்றோரை மற்றவர்களிடமிருந்து பிரித்துவிடும் என்று பலர் அதை எதிர்த்தனர். சாதாரண எழுத்தையே புடைக்கச் செய்து தடவிப் படிப்பதே ஒற்றுமைக்கு வழி என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் படிப்பது மெல்ல நகரும், எழுதுவதோ இயலாது. படிக்கவும் எழுதவும் முடியாதவனைப் பக்கத்தில் உட்காரவைத்து என்ன ஒற்றுமை? மாணவர்கள் புள்ளி எழுத்தையே விரும்பினார்கள். பிரெயில் மறைந்தது 1852இல். அதற்கு இரண்டாண்டுகள் கழித்தே பள்ளி அவர் எழுத்தை முறைப்படி ஏற்றது.

அம்முறையே கிறிஸ்தவ மிஷன் பெண்மணிகள் மூலம் இந்தியாவுக்கு வந்தது. 1887இல் அமிர்தசரஸிலும், 1890இல் நம் பாளையங்கோட்டையிலும் பார்வையற்றோர் பள்ளிகள் தோன்றின. 1951இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. தமிழும் அதில் அடக்கம். அரபு பிரெயிலும் இன்று வழக்கில் உள்ளது. வலமிருந்து இடமாக ஓதிப் பழகிய நமக்கு ஒரு வியப்பு: அது இடமிருந்து வலமாகவே ஓதப்படுகிறது. அப்பள்ளிகள் செய்த தொண்டு பெரிது. ஆயினும் பிள்ளை வீட்டையும் தெருவையும் உடன்பிறந்தாரையும் விட்டு விடுதிக்குச் செல்ல நேர்ந்தது. பொதுப் பள்ளியிலேயே அவர்களைச் சேர்க்கும் திட்டத்தை நடுவண் அரசு 1974இல் தொடங்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட அளவு குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கற்கும் உரிமையை வழங்கியுள்ளது. சட்டம் இடம் கொடுத்துவிட்டது. ஆனால் ஒரே வகுப்பில் உட்கார்ந்தும் தனித்தே இருக்க முடியும் என்பதற்கு, அதே அஸ்ஹரில் பயின்ற ஒருவரின் வாழ்க்கையே சாட்சி.

தாஹா ஹுஸைன் 1889இல் மேல் எகிப்தில் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளுள் ஏழாமவர். குழந்தைப் பருவத்தில் கண்நோய் வந்தது. ஊர் நாவிதர் செய்த வைத்தியத்தில் பார்வை போயிற்று. அந்தப் பிள்ளை பின்னாளில் எகிப்தியப் பல்கலைக்கழகத்தின் முதல் டாக்டர் பட்டத்தை 1914இல் பெற்றது, தம்மைப் போலவே பார்வையற்றிருந்த அபுல் அலா மஅர்ரீ பற்றிய ஆய்வுக்காக. பிறகு பாரிஸில் இப்னு கல்தூனைப் பற்றி ஆராய்ந்து இன்னொரு டாக்டர் பட்டம். 1950இல் எகிப்தின் கல்வியமைச்சர். கல்வி காற்றையும் நீரையும் போல எல்லார்க்கும் உரியது என்று வாதிட்டு, உயர்நிலைப் பள்ளிக் கட்டணத்தை நீக்கினார். 1926இல் அவர் எழுதிய ஆராய்ச்சி நூல் கிளப்பிய புயலை அறிந்தவர்கள், அவர் கருத்துகள் பலவற்றை ஏற்பதற்கில்லை என்பார்கள். நாமும் ஏற்கவில்லை. ஆனால் இங்கே நாம் அமைச்சரைத் தேடி வரவில்லை. சிறுவனைத் தேடி வந்திருக்கிறோம்.

‘அல்அய்யாம்’ என்னும் தன்வரலாற்றில் அச்சிறுவன் நமக்குக் கிடைக்கிறான். ஒருநாள் குடும்பத்தாருடன் உண்கையில், ஒரு கையால் எடுப்பதற்குப் பதில் இரு கைகளாலும் கவளத்தை எடுத்தான். உடன்பிறந்தார் சிரித்தார்கள், தாய் அழுதாள், தந்தை மெதுவாகத் திருத்தினார். எவரும் தீயவரல்லர். ஆனால் அன்றுமுதல் கரண்டியால் உண்ணும் பண்டங்களை அவன் ஒதுக்கினான். பிறகு தனியே உண்ணத் தொடங்கினான். சிரிப்பைப் போலவே கண்ணீரும் அவனைத் தட்டிலிருந்து விலக்கியது.

1902இல் அண்ணனுடன் அவன் அஸ்ஹருக்கு வந்தான். பகலில் ஹல்காவில் எல்லாருடனும் பாயில் அமர்ந்தான். பாடத்தில் எவருக்கும் பின்தங்கவில்லை. மாலையானதும் அண்ணன் அவனை விடுதி அறையின் மூலையில் உட்காரவைத்துவிட்டு நண்பர்களிடம் போய்விடுவார். அங்கே தேநீர் கொதிக்கும். பாடங்களைப் பற்றிய தர்க்கமும் சிரிப்பும் அறை தாண்டி வந்து விழும். அவன் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருப்பான். தானும் வருகிறேன் என்று கேட்க நாணம். அழைக்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. ஒரே கல்விக்கூடம், ஒரே பாடம், ஒரே பாய். பிறகு இருட்டில் ஒரு மூலை. அண்ணனைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. அவரும் இளைஞர், பொறுப்பை உண்மையோடு நிறைவேற்றினார். கைப்பிடித்து அழைத்துச் செல்வதோடு கடமை முடிந்தது என்று எண்ணினார், அவ்வளவே. நம் இல்லங்களில் எத்தனை பேர் இதே எண்ணத்தோடு இருக்கிறோம்!

பின்னர் ஊரிலிருந்து உறவினர் மகனொருவன் படிக்க வந்தான். தாஹாவின் வயதை ஒட்டியவன். ஊரில் அவனோடு விளையாடியவன். அவன் செய்ததில் பெரிய தொண்டு எதுவும் இல்லை. தாஹாவோடு வகுப்புக்குப் போனான், வந்தான். இருவரும் சேர்ந்து உண்டார்கள். அவன் நூலை வாசிக்க, இவன் கேட்டான். இவன் பொருள் சொல்ல, அவன் விளங்கிக்கொண்டான். பாதையில் கண்டதையெல்லாம் பேசினார்கள். மூலையில் கிடந்த பிள்ளைக்கு அன்றோடு தனிமை ஒழிந்தது. சிறிது நேரம் தனித்திருக்கக் கிடைக்காதா என்று சில வேளைகளில் ஏங்கும் அளவுக்கு ஒழிந்தது என்று அவரே எழுதுகிறார்.