ராத்திரி வெளிச்சத்தால் வௌவாலுக்கு ஆபத்து... நெல்லுக்கும் நஷ்டமா?

சம்பா பயிரில் நடுக்குருத்து காயும், கதிர் வெளுத்துப் பதராகும். காரணம் குருத்துப்பூச்சி. அதோட தாய் அந்துப்பூச்சி பறப்பது ராத்திரியில்தான். அந்த நேரத்தில் வயலில் பூச்சி வேட்டையாடுவது சிறிய வௌவால்கள். ஸ்பெயினின் எப்ரோ டெல்டாவில், வௌவால் தங்கப் பெட்டிகள் வைத்தே நெல் துளைப்பானைக் கட்டுப்படுத்தியிருக்காங்க.

வெளிச்சம் என்ன செய்யும்?

தஞ்சை டெல்டாவில் பழைய கோயில்களின் இருண்ட மண்டபங்களும் கோபுர இடுக்குகளும்தான் வௌவாலுக்கு வீடு. வாசலில் ஃப்ளட்லைட் எரிந்தால், அவை வெளியே வரத் தாமதமாகும். பூச்சி அதிகம் பறக்கும் அந்தி நேரம் வீணாகும், குட்டிகளின் வளர்ச்சியும் பாதிக்கும். சில வகைகள் தெருவிளக்கைச் சுற்றியே இரை பிடிக்கும். ஆனால் வெளிச்சத்துக்கு அஞ்சும் வகைகள் அந்தப் பாதையையே விட்டுவிடும்.

என்ன செய்யலாம்?

* வௌவால் வெளியேறும் வழியை இருட்டாகவே விடுங்க.
* தெருவிளக்கு தரையை மட்டும் பார்க்கட்டும், மேலே மூடி போடலாம்.
* கோபுர விளக்கை அந்தி முடிந்த பிறகு போட்டு, கூட்டம் கலைந்ததும் அணைக்கலாம்.
* பளீர் வெள்ளைக்குப் பதில் மங்கலான மஞ்சள் அல்லது சிவப்பு நல்லது. நெதர்லாந்தின் நியூகோப் ஊரில் வௌவாலுக்காகவே சிவப்புத் தெருவிளக்கு போட்டிருக்காங்க.
* வயலில் விளக்குப்பொறி வைப்பவர்கள், வௌவால் தங்கும் கட்டடத்துக்குத் தள்ளி வையுங்க.

கோயில் விளக்கை அணைக்கும் நேரத்துக்கும் வயலில் தெளிக்கும் மருந்துச் செலவுக்கும் தொடர்பு இருக்கலாம்.