வெளிவேலை கேட்ட பெண்

நாட்டின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி நம் சென்னை மாநிலத்துக்கு வந்தவர்தான். அன்னா ராஜம் ஜார்ஜ், 1951-ஆம் ஆண்டுத் தேர்வு. கோழிக்கோட்டில் வளர்ந்து சென்னையில் படித்தவர். பெண்களுக்கு வெளியுறவுப் பணிதான் தோது என்று நேர்முகத்தில் சொல்லிப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. கல்யாணம் செய்தால் வேலை போய்விடும் என்று நியமன உத்தரவிலேயே ஒரு வரி! (பிற்பாடு அந்த விதியை எடுத்துவிட்டார்கள்.)

முதலமைச்சர் ராஜாஜிக்கும் தயக்கம். தலைமைச் செயலகத்தில் இருக்கட்டுமே என்றார். குதிரையேற்றம், துப்பாக்கி சுடுதல் எல்லாம் ஆண்களோடு சேர்ந்து பயின்றவர் விடுவாரா? வாதாடி சப்-கலெக்டர் ஆனார். பின்னர் ராஜாஜியே பொதுமேடையில் அவரைப் பாராட்டினார். 1989-இல் பத்மபூஷண்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். எண்பதுகளில் என்னோடு வேலை பார்த்த ஒரு அம்மாள் வெளிவேலை கேட்டு மனு எழுதிக்கொண்டு வந்தார். "எதுக்கும்மா வெயில்ல அலையணும், சீட்டிலேயே இருங்க" என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஓய்வு பெறும்வரை பதிவறைதான்.

ஆடிப்பூரத் தேரன்று ரத வீதியில் பார்த்தேன். பேத்தி குரூப் ஒன் தேர்வுக்குப் படிக்கிறாளாம். "உங்ககிட்ட யோசனை கேக்க வேண்டாம்னு சொல்லிட்டேன் சார்" என்று சிரித்தார்.