நகரத்தின் வரைபடத்தில் நமக்கென ஓர் இடம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே.

பொன்விழா மலர்களில் சங்கத்தை வளர்த்தவர்களின் உழைப்பையும் தியாகத்தையும் எழுதுவது வழக்கம். இக்கட்டுரை அவர்கள் காலூன்றிய மண்ணைப் பற்றியது. கோலாலம்பூரும் கிள்ளானும் எப்படி வளர்ந்தன, அந்த வளர்ச்சிக்கு வரைபடம் போட்டவர்கள் யார், அதில் தமிழ் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் எங்கே இருந்தன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். கடல் கடந்து வந்த பாட்டனாரின் கதை நம் வீடுகள்தோறும் உண்டு. அவர் கடை வைத்திருந்த இடம் யார் பெயரில் பதிவாகியிருந்தது என்ற கதைதான் பல வீடுகளில் இல்லை. நகரத் திட்டத்துக்கு நம் நினைவுகள் தெரியாது. பதிவேடு மட்டுமே தெரியும்.

சூலியர் கண்ட முதல் வரைபடங்கள்

நம்மவர்களில் பலர் பினாங்கு, சிங்கப்பூர் வழியாகவே இத்தீபகற்பத்தின் உட்பகுதிக்கு வந்தனர். அவ்விரு ஊர்களிலும் அவர்களுக்கு வரைபடத்திலேயே இடம் இருந்தது. பினாங்கில் 1801 இல் கிழக்கிந்தியக் கம்பெனி பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலம் வழங்கியது. சூலியர்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் பெயரோடு இணைந்த கப்பித்தான் கிளிங் பள்ளி அங்கே எழுந்தது. சிங்கப்பூரில் 1822 இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம் சீனர், புகிஸ், அரபியர் என ஒவ்வோர் இனத்துக்கும் தனிப் பகுதி ஒதுக்கியது. சூலியர் கம்பம் என்ற பெயரும் அதில் குறிக்கப்பட்டது.

ஒதுக்கப்பட்டால் மட்டும் போதாது என்பதையும் பினாங்கே காட்டியது. வக்ஃபு நிலங்களின் நிர்வாகம் சீர்கெட்டதால், அவற்றை மேற்பார்வையிட 1905 இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. நிலம் கிடைப்பது ஒரு காரியம், அதைக் கணக்கோடு காப்பது இன்னொரு காரியம்.

ஈயச் சேற்றில் எழுந்த ஊர்

கோலாலம்பூரின் தொடக்கத்தில் வரைபடம் எதுவும் இல்லை. 1857 வாக்கில் ஈயம் தோண்ட வந்த 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேரும் இடத்தில் இறங்கி அம்பாங் காட்டுக்கு நடந்தார்கள். அவர்களுக்குச் சாமான் விற்க முளைத்த கடைகளே ஊராயின. வணிகம் செய்ய வந்த இந்திய முஸ்லிம்கள் 1863 இல் பலகையால் ஒரு பள்ளி கட்டினார்கள். அதுவே மஸ்ஜித் இந்தியா. இன்று நாம் காணும் கட்டடம் 1966 இல் முடிக்கப்பட்டது. பள்ளியின் பெயரே தெருவின் பெயராயிற்று. தெருவின் பெயரே வட்டாரத்தின் பெயராயிற்று.

1880 இல் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. மறு ஆண்டே தீயும் வெள்ளமும் ஊரை அழித்தன. அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவரும் இனி ஆகாது, செங்கல்லும் ஓடும் வேண்டும் என்று ரெசிடண்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹம் உத்தரவிட்டார். செங்கல் சூளைகள் பெருகிய பகுதிக்குப் பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் நிலைத்தது. கடைவீடுகளின் முன்னே மக்கள் நடந்து செல்ல ஐந்தடிப் பாதை விடும் வழக்கமும் வந்தது. ‘அஞ்சடி’ என்று நாம் சொல்லும் அந்த நிழலில்தான் நம்மவர்கள் பலர் பணம் மாற்றியும், பத்திரிகை விற்றும், வெற்றிலை பாக்கு விற்றும் பிழைப்பைத் தொடங்கினார்கள்.

1890 இல் சுகாதார வாரியம் அமைந்தது. குப்பை அள்ளுவது, சாலைக்கு விளக்குப் போடுவது, கட்டடத்துக்கு அனுமதி தருவது எல்லாம் அதன் பொறுப்பு. 1921 இல் சார்லஸ் ரீட் என்பவர் மலாய் ஐக்கிய மாநிலங்களின் அரசாங்க நகரத் திட்டமிடுநராக வந்தார். 1923 இல் நகரத் திட்டச் சட்டம் பிறந்தது. எந்தத் தெருவில் கடை, எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை என்று நிலத்தைப் பயன்பாட்டின்படி பிரிக்கும் முறை அப்போதுதான் இங்கே வேர்விட்டது. மண்டலப் பிரிப்பு என்று இப்போது சொல்வது இதைத்தான்.

இரயிலடியில் பிரிக்பீல்ட்ஸ்

1886 இல் கோலாலம்பூரையும் கிள்ளான் அருகிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்து இரயில் ஓடியது. பிறகு பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேயின் ஊரானது. பட்டறைகளும் சரக்கு வண்டிகள் நிற்கும் தண்டவாளங்களும் ஊழியர் குடியிருப்புகளும் வந்தன. தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் அங்கே குடியேறினர். சம்பளம் வாங்கும் மக்கள் கூடுமிடத்தில் உணவுக் கடையும் மளிகைக் கடையும் வேண்டுமல்லவா? நம்மவர்கள் பிரிக்பீல்ட்ஸுக்குப் போன வழி அதுதான்.

ஆனால் குடியிருப்பின் நிலம் குடியிருந்தவர்களுடையதல்ல. ‘ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ என்று தலைமுறைகள் அழைத்த இரயில்வே வரிசை வீடுகள் மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டபோது, அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு எஞ்சியவை புகைப்படங்களே. சரக்கு வண்டிகள் நின்ற 72 ஏக்கர் நிலத்தில் கே.எல். சென்ட்ரல் எழுந்து 2001 இல் திறக்கப்பட்டது. 2010 அக்டோபரில் அன்றைய மலேசியப் பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார்கள். வளைவும் விளக்கும் வந்தன. கூடவே சுற்றியிருந்த மனைகளின் விலையும் உயர்ந்தது.

கிள்ளானும் துறைமுகமும்

1901 இல் சுவெட்டன்ஹம் துறைமுகம் திறந்த சில நாள்களிலேயே மலேரியாக் காய்ச்சல் தொழிலாளர்களை வாரிக்கொண்டது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் இந்தியாவில் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கிள்ளான் வட்டார மருத்துவர் மால்கம் வாட்சன் அந்த அறிவைக் கையில் எடுத்தார். சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டப்பட்டது, புதர்கள் அழிக்கப்பட்டன, காய்ச்சல் தணிந்தது. ஒரு வடிகால் எத்தனை உயிரைக் காக்கும் என்பதற்கு உலகமே எடுத்துக்காட்டிய இடம் நம் கிள்ளான்.

துறைமுகம் பிழைத்ததால் ஊர் பிழைத்தது. கப்பல் சரக்கும், தோட்டப்புறத்து மக்களின் சம்பள நாள் கூட்டமும் கிள்ளான் கடைத்தெருக்களை நிரப்பின. ஜாலான் தெங்கு கிளானா அந்தக் கூட்டத்தால் வளர்ந்த தெரு. பின்னர் பெட்டாலிங் ஜெயா ரப்பர் தோட்டத்து நிலத்தில் எழுந்தது. 1978 இல் ஷா ஆலாம் மாநிலத் தலைநகரானது. தோட்டங்கள் துண்டாகி நகரங்களாக, லயங்களில் இருந்த மக்கள் நகரம் நோக்கி வந்தார்கள். 2024 இல் கிள்ளானும் மாநகரத் தகுதி பெற்றது.

கூட்டரசுப் பிரதேசம் ஆனபின்

நம் சங்கத்தின் ஐம்பது ஆண்டுகளும் நகரத்தின் மிகப்பெரிய மாற்றங்களும் ஒன்றாகவே நடந்தன. 1974 பிப்ரவரி 1 இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. சிலாங்கூருக்கு 1976 ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டமும், கோலாலம்பூருக்கு 1982 ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டச் சட்டமும் வந்தன. தலைநகரின் முதல் கட்டமைப்புத் திட்டம் 1984 இல் அரசிதழில் இடம்பெற்றது.

கடைக்காரர்களைத் தொட்ட மாற்றம் இரண்டு. ஒன்று, வாடகைக் கட்டுப்பாடு. 1948 க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையைச் சட்டம் கட்டிவைத்திருந்தது. 1997 இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. இடைக்காலமும் 1999 இறுதியில் முடிந்தது. குறைந்த வாடகையை நம்பி இரண்டு தலைமுறை ஓட்டிய கடைகள் 2000 ஆம் ஆண்டில் சந்தை விலையைச் சந்தித்தன.

மற்றொன்று மனை விகிதம். ஒரு மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதை இது சொல்கிறது. விகிதம் 6 என்றால் 1,000 சதுர மீட்டர் மனையில் 6,000 சதுர மீட்டர் கட்டலாம். அந்த மனையில் இப்போது இரண்டு மாடிக் கடைவீடு நிற்கிறது என்றால், உரிமையாளரின் கண்ணில் அது பாதிக்கும் மேல் பயன்படாத சொத்து. யாரும் கடைக்காரரை விரட்ட வேண்டியதில்லை. வரைபடத்தில் ஓர் எண் மாறினால் போதும். சில ஆண்டுகளில் வாடகையே அவரை வெளியே அனுப்பிவிடும்.

பதிவேட்டில் இல்லாத உரிமை

1965 ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர். தற்காலிகக் குடியிருப்பு உரிமம், அதாவது டி.ஓ.எல்., அந்த நாள்காட்டி ஆண்டோடு முடிவது. அதைப் பிறருக்கு மாற்ற முடியாது. பெற்றவர் இறந்தால் அதுவும் போய்விடும். நாற்பது ஆண்டுகள் தொழுகை நடந்த இடமானாலும், கையில் இருப்பது டி.ஓ.எல். என்றால் அதன் ஆயுள் டிசம்பர் 31 தான்.

இது எல்லாச் சமயத்தாருக்கும் பொது. மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் நூற்றாண்டுக்கும் மேலாக இருந்துவரும் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் நின்ற நிலத்தை மாநகர் மன்றம் 2014 இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றிருந்தது. அங்கே பள்ளிவாசல் கட்டும் திட்டம் 2025 இல் பெரும் விவாதமானது. ஏறத்தாழ 50 மீட்டர் தொலைவில் மாற்று இடம் தருவது, அதை வழிபாட்டுத் தலமாக அரசிதழில் பதிவது என்று முடிவானது. அந்தப் பதிவு தொடக்கத்திலேயே இருந்திருந்தால், அண்டை வீட்டாராக வாழும் இரு சமூகங்களுக்கு அந்த மனவருத்தம் வந்தேயிருக்காது. நம் மதரஸாக்களுக்கும் சூராவ்களுக்கும் அதில் பாடம் உண்டு.

வக்ஃபு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 1993 ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேச இஸ்லாமியச் சட்ட நிர்வாகச் சட்டம், எல்லா வக்ஃபுகளுக்கும் சமய மன்றத்தையே ஒரே அறங்காவலராக ஆக்கியிருக்கிறது. “இது வக்ஃபு” என்று வாயால் சொல்லிவிட்டு, கிராண்டில் தம் பெயரையே விட்டுச் சென்ற பெரியவர்கள் உண்டு. அவர்கள் மறைந்தபின் அந்த நிலம் பராயிழ் பங்கீட்டுக்குப் போகிறது. வாரிசுகள் பெருக, கையெழுத்துகளும் பெருகுகின்றன. கொடுத்தவரின் நிய்யத் நல்லது. காகிதம் அதைச் சொல்லவில்லை.

பேசியவர்களுக்குக் கிடைத்த தீர்ப்பு

காகிதம் நமக்கு எதிராக மட்டும் இருப்பதில்லை. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் அடுக்குமாடி கட்ட மாநகர் மன்றம் அனுமதி தந்தபோது, குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஏப்ரல் 18 இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்பதை உறுதிசெய்தது. கட்டமைப்புத் திட்டத்தை டத்தோ பண்டார் தம் விருப்பம்போல் மீற முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அதே வட்டாரத்தில், புக்கிட் கியாரா தோட்டத்தின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் பல்லாண்டுகளாகத் தற்காலிக நீண்ட வீடுகளில் நிரந்தர வீட்டுக்காகக் காத்திருந்தன என்பதையும் நாம் மறக்கலாகாது. ஒரு வரைபடத்தில் ஒருவருக்குப் பூங்கா, இன்னொருவருக்குக் கூரை. திட்டமிடுதல் என்பது இந்த இரண்டுக்கும் இடம் காண்பது.

கோலாலம்பூரின் 2040 ஆம் ஆண்டுக்கான உள்ளூர்த் திட்டம் 2025 இல் நடப்புக்கு வந்திருக்கிறது. இத்தகைய திட்டங்கள் நகலாக இருக்கும்போதே மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. ஆட்சேபம் சொல்லவும் நேரில் விளக்கவும் வாய்ப்புத் தரப்படுகிறது. ஒரு கூட்டு மனு, தனித்தனிப் புலம்பல்களை விடக் கனமானது. சங்கங்கள் இருப்பது இதற்கும்தான்.

அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு

ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பள்ளி, மதரஸா, சூராவ் நிலத்தின் கிராண்ட் எங்கே, யார் பெயரில், எந்தப் பயன்பாட்டுக்கு, எந்த ஆண்டுவரை என்று ஒரு தாளில் எழுதிவைக்கட்டும். டி.ஓ.எல். நிலமானால் இன்றே விண்ணப்பம் தொடங்கட்டும். தனிமனிதர் பெயரில் உள்ள வக்ஃபை, அவர் உயிரோடு இருக்கும்போதே சமய மன்றத்தில் பதியட்டும். சட்டமும் நகரத் திட்டமும் நில அளவையும் படிக்க நம் பிள்ளைகளை அனுப்புவோம். மருத்துவரும் கணக்காய்வாளரும் வேண்டும்தான். வரைபடம் படிக்கத் தெரிந்தவரும் வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் பள்ளி கட்ட விரும்பிய நிலம் இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது. அவர்கள் இலவசமாகத் தர முன்வந்தும், விலை கொடுத்தே வாங்கினார்கள் என்று சீறா வரலாறு சொல்கிறது. இறையில்லத்துக்கும் உரிமை தெளிவாக இருக்க வேண்டும் என்ற அந்த முன்மாதிரியைவிடச் சிறந்த நிலச் சட்டம் நமக்கு வேறு எது?

நம் முன்னோர் தந்த இடங்களைக் காத்து, நம் பின்னோருக்குத் தெளிவான உரிமையோடு ஒப்படைக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.