கரிசல் நிலத்தில் டீசல் ஜீப்

மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் பம்பாயில் பாகங்களை இணைத்து உருவாக்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப், 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் செலுத்தியதால், மழையில் சக்கரத்தை விடாது பற்றிக்கொள்ளும் கரிசல் மண் கொண்ட கோவில்பட்டி வட்டாரம் போன்ற மானாவாரி நிலங்களுக்கு, அதாவது மழையை மட்டுமே நம்பிய வேளாண் நிலங்களுக்கு, ஏற்ற வண்டியாக அமைந்தது.

1973-74இல் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானதற்குப் பிந்தைய ஆண்டுகளில், பெட்ரோல் செலவு தாளாத உரிமையாளர்களுக்காகப் பழைய எஞ்சினை இறக்கி டீசல் எஞ்சினை ஏற்றும் வழக்கம் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பரவியது. எஞ்சினையும் கியர் பெட்டியையும் பொருத்தும் இடைத்தகடு, கூடுதல் எடையையும் அதிர்வையும் ஏற்கும் தாங்கிகள், வெயிலுக்கு ஈடுகொடுக்கும் ரேடியேட்டர் ஆகியவை செம்மையாக அமைந்தால்தான் அத்தகைய வண்டி அன்றாட ஓட்டத்துக்கு உதவும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவின் வழியே, வாகன மாற்றங்களை விதிகளுக்கு உட்படுத்தியது. எனினும், பழைய வண்டிகளை வாழவைத்த பட்டறைக் கைத்திறன் தமிழகத் தொழில் வரலாற்றில் முறையாகப் பதிவு பெறவேண்டிய அறிவுச் செல்வமாகும்.