குழலும் முழவும்: இசைத்தட்டில் நிலைத்ததும் நிலையாததும்

காற்றுக் கருவியொன்றும் தோற்கருவியொன்றும் எதிரெதிர் நின்று உரையாடுவதைக் கேட்டு இரவைப் பகலாக்கும் வழக்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்குப் பழையது. கோயிற்றிருவிழா இரவுகளில் நிகழும் மேளச் சமா என்பது அதுவே. இதனையொத்த உறவொன்று கடல் கடந்த அமெரிக்க நாட்டிலும் வளர்ந்தது. அங்கே ஜாஸ் என்னும் இசையில் சாக்ஸபோனும் டிரம் என்னும் முழவும் அவ்வாறே உரையாடின. இரு மரபுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உச்சநிலை எய்தின. ஆயினும் ஒன்றின் வரலாறு உலகெங்கும் ஒலிக்கின்றது. மற்றதன் வரலாறு பெரும்பாலும் கேட்டோர் நினைவிலேயே தங்கியுள்ளது. இந்த வேற்றுமைக்குக் காரணம் கலைத்திறத்தின் ஏற்றத்தாழ்வு அன்று, பதிவின் ஏற்றத்தாழ்வே.

சாக்ஸபோனைப் படைத்தவர் பெல்ஜிய நாட்டவரான அடோல்ப் சாக்ஸ். 1846 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் அவர் அதற்கு உரிமை பெற்றார். அதன் உடல் பித்தளையாயினும், வாயில் வைத்து ஊதப்படுவது நாணற் சீவலே. ஆச்சா மரத்தாற் செய்யப்படும் நாதசுரத்தின் சீவாளியும் நாணலிலிருந்து பிறப்பதே. சாக்ஸபோனில் ஆல்ட்டோவிலும் நீண்டு, தாழ்ந்த சுருதியில் ஒலிப்பது டெனர் வகை. நம் மரபிலும் குறுகிய திமிரி நாதசுரம் உண்டு. நீண்டு தாழ்ந்து ஒலிக்கும் பாரி நாதசுரமும் உண்டு. பாரியைப் பெருவழக்காக்கிய பெருமை திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையவர்களைச் (1898–1956) சாரும்.

1950களின் நடுப்பகுதியில் ஜாஸ் இசையில் 'ஹார்ட் பாப்' என்றொரு போக்கு தலையெடுத்தது. அதற்கு முந்தைய 'பீபாப்' மிக விரைவும் நுட்பமும் உடையது. ஹார்ட் பாப் கலைஞர்கள் அந்த நுட்பத்தைக் கைவிடாது, கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்களிலும் புளூஸ் என்னும் துயரப் பாடல்களிலும் இருந்த உணர்ச்சி வேகத்தை அதனோடு சேர்த்தனர். இப்போக்கின் தலைசிறந்த டெனர் கலைஞர்களுள் ஒருவர் 1930 இல் நியூயோர்க் நகரிற் பிறந்த சொனி ரொலின்ஸ்.

1956 ஜூன் 22 ஆம் நாள், தம் இருபத்தைந்தாம் வயதில், ரொலின்ஸ் 'சாக்ஸபோன் கொலோசஸ்' என்னும் இசைத்தட்டைப் பதிவு செய்தார். முழவை இசைத்தவர் மக்ஸ் ரோச். மொத்தம் ஐந்து உருப்படிகள். கேட்கும் நேரம் சுமார் 40 நிமிடங்கள். அவற்றுள் 'புளூ செவன்' என்பதில் ரொலின்ஸ் சிறியதொரு சொற்கட்டுப் போன்ற இசைத் துணுக்கை எடுத்து, அதனையே நீட்டியும் முறித்தும் திருப்பியும் பெரியதொரு கட்டடமாக எழுப்புகின்றார். மக்ஸ் ரோச்சின் தனி வாசிப்பும் அவ்வாறே ஒரு சிறு கருத்திலிருந்து விரிகின்றது. பல்லவியொன்றை எடுத்துக்கொண்டு நிரவல் செய்யும் வித்துவானைக் கேட்டுப் பழகியோர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். கன்தர் ஷல்லர் என்னும் அறிஞர் 1958 இல் இவ்வாசிப்பை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, ஜாஸ் ஆராய்ச்சியில் ஒரு மைல்கல்லாயிற்று. ஒரே வாசிப்பை வேண்டியபோதெல்லாம் மீளக் கேட்க இயன்றமையாலன்றோ அவ்வாராய்ச்சி கைகூடியது!

இனி யாழ்ப்பாணத்தை நோக்குவோம். இணுவில், அளவெட்டி, சாவகச்சேரி முதலிய ஊர்கள் நாதசுர, தவிற் கலைஞர்களாற் புகழ் பெற்றவை. இணுவிலிலே தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாக 1933 இல் தெட்சணாமூர்த்தி பிறந்தார். ரொலின்சுக்கு மூன்றாண்டு இளையவர். தமிழகத்தில் நாச்சியார்கோவில் இராகவப் பிள்ளையவர்களிடம் பயின்று, பின் அளவெட்டியிலே வாழ்ந்தார். காருகுறிச்சி அருணாசலம் போன்ற தமிழக மேதைகளுக்கும், அளவெட்டி என். கே. பத்மநாதன் போன்ற ஈழத்து வித்துவான்களுக்கும் அவர் தவில் வாசித்தார். தமிழகத்திலும் அவர் பெயர் ஊரோடு சேர்ந்து 'யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி' என்றே நிலைத்தது.

தவில் எளிதில் வசப்படும் கருவி அன்று. பலா மரத்தைக் குடைந்து செய்த அதன் உடல் கனமானது. வலக்கை விரல்களிற் கூடுகளை அணிந்து ஒரு பக்கத்தையும், இடக்கைக் குச்சியால் மற்றப் பக்கத்தையும் முழக்குவர். இரு கைகளும் சமவலிமை பெறுவதற்கு நாள்தோறும் பல மணி நேரம் சாதகம் செய்ய வேண்டும். அசுர சாதகம் என்பர். புகழின் உச்சியில் இருந்த ரொலின்ஸும் 1959 முதல் 1961 வரை மேடையைத் துறந்து, நியூயோர்க்கின் வில்லியம்ஸ்பேர்க் பாலத்தின்மேல் நின்று தனியே பயின்றார். மெய்யான கலைஞர்க்கு இலக்கணம் எங்கும் ஒன்றே போலும்!

தெட்சணாமூர்த்தி 1975 இல், நாற்பத்திரண்டு வயது நிரம்பு முன்னரே மறைந்தார். ரொலின்சுக்கு வாய்த்ததுபோல, ஆண்டு தோறும் இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம் எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை. கலையின் இயல்பும் ஒரு தடையாயிற்று. பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்திற் சுமார் மூன்று நிமிட இசையே அடங்கும். 1948 இல் நீளிசைத்தட்டு வந்த பின்னரும் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ இருபது நிமிடங்களே கிடைத்தன. நள்ளிரவு கடந்து நீளும் இராக ஆலாபனையும், அதன்பின் எழும் தனி ஆவர்த்தனமும் அந்த அளவுக்குள் எவ்வாறு அடங்கும்? கோயில் வீதியில் ஒலித்தது பெரும்பாலும் அங்கேயே காற்றோடு கலந்தது.

ஒலிநாடாக்களில் எஞ்சியவற்றுக்கும் காலம் இரங்கவில்லை. நாடா ஈரத்தாலும் வெப்பத்தாலும் பழுதுறும் பொருள். அதன்மேல் நீண்ட போரும் வந்தது. 1995 இல் வலிகாமத்து மக்கள் கையிற் கொள்ளக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு இடம்பெயர்ந்தனர். அத்தகைய வேளையில் ஒலிநாடாவை நினைப்பார் யார்?

எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. தமிழகத்து இயக்குநர் அம்ஷன் குமார், எஞ்சிய ஒலிப்பதிவுகளையும் நேரிற் கேட்டோரின் நினைவுகளையும் துணைக்கொண்டு தெட்சணாமூர்த்தி பற்றி ஆவணப்படம் எடுத்தார். 2015 ஆம் ஆண்டுக்கான இந்தியத் தேசியத் திரைப்பட விருது அதற்குக் கிடைத்தது. கலைஞர் மறைந்து நாற்பது ஆண்டுகளின் பின்னும் இத்துணை செய்ய முடிந்தது.

இப்பணி ஒருவரோடு முடிதல் தகாது. வீட்டுப் பெட்டியில் உறங்கும் நாடா ஒவ்வொன்றும் வரலாற்று ஆவணமே. வாசித்தவர் யார், எந்தக் கோயில், எந்த ஆண்டு என்னும் மூன்று குறிப்புகளை அதன்மேல் எழுதிவைத்தலும், ஒலியைப் புதிய முறையிற் பிரதி செய்தலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இயலும். அந்த இரவுகளை நேரிற் கேட்ட முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். நாடாவிலுள்ள குரல் யாருடையது, தவில் யாருடையது என்று சொல்லக்கூடியவர் அவர்களே. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும்.